பூங்காவில் ஆட ஓர் இடம்: மேடையா, படிவரிசையா, களரியா?

கடந்த ஒரு வருடத்துக்குள் மூன்று ஊர்க்காரர்கள் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். ஒன்று மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள கிராமம். இன்னொன்று வாவியோரப் பூங்காவொன்றைப் பார்த்துக்கொள்ளும் கலைக் கழகம். மற்றது கல்முனைப் பக்கத்துச் சனசமூக நிலையம். “காணி இருக்கு. காசும் கொஞ்சம் வரும்போல. கூத்து, நாடகம், பிள்ளைகளின்ற நிகழ்ச்சி எல்லாத்துக்கும் ஒரு இடம் வேணும். என்னத்தக் கட்டுறது?” மூவர் கையிலும் கைபேசியில் ஒவ்வொரு படம் இருந்தது: ஒருவரிடம் சீமெந்து மேடை, ஒருவரிடம் அரைவட்டப் படிகள், ஒருவரிடம் வெள்ளைக் கூடாரத் துணி.

நான் இருபது வருடமாகக் கூத்துக்குச் சல்லரி என்ற கைத்தாளம் போடுகிறவன். இப்படியான இரண்டு வேலைகளில் ஓவியரோடும் கட்டடக்கலைஞர்களோடும் ஒரே பாயில் உட்கார்ந்து வரைபடம் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். மூவருக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் மூவரும் படத்தை மூடிவைத்துவிட்டு முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி: நடுவில் யார் நிற்கிறார்? வடமோடியோ தென்மோடியோ, எந்த வகையானாலும், எங்கள் பக்கத்துக் கூத்தில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் களரி என்ற வட்ட ஆடுதரைக்குள் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் அந்த வட்டத்தைச் சுற்றி இருக்கும். வசந்தன் கூத்து ஆடும் பிள்ளைகளும் வட்டமாகத்தான் வருகிறார்கள். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் பொல்லடி என்ற கோலாட்டமும் வட்டம்தான். பரதம், பாடசாலை நாடகம், பட்டிமன்றம், இசைக்குழு ஆகியவற்றுக்கு முன்பக்கம் ஒன்று வேண்டும். வருடத்தில் எது எத்தனை தரம் நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

இரண்டாவது, தரை. கூத்தர் வெறுங்காலோடு, சலங்கை கட்டி, குத்துமிதியில் குதிகாலை ஊன்றி, சில வேளை விடிய விடிய ஆடுகிறார். கொங்கிறீட்டில் அந்த அடி முழங்காலுக்கே திரும்பி வரும்.

மூன்றாவது, தூரம். இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். 600 பேர், ஆளுக்கு அரைச் சதுரமீற்றர் என்றால் 300 சதுரமீற்றர் வேண்டும். 7 மீற்றர் குறுக்களவுள்ள களரியைச் சுற்றி, ஒரு மீற்றர் இடைவெளி விட்டு இருத்தினால் கடைசி ஆள் நடுவிலிருந்து ஏறக்குறைய 11 மீற்றரில் இருப்பார். அதே சனத்தை விசிறிபோல ஒரு பக்கத்தில், 120 பாகையில் இருத்தினால் 17 மீற்றரைத் தாண்டும். 10 மீற்றர் அகல மேடைக்கு முன்னால் நேராக இருத்தினால் 30 மீற்றர். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்க ஒலி 6 டெசிபல் குறையும். 11 மீற்றரில் அண்ணாவியாரின் குரல் தானாகவே கேட்கும். 30 மீற்றருக்கு ஒலிபெருக்கி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூத்தருக்கு ஆட்டம் போய்விடும்.

நான்காவது, சனம் எப்படி இருக்கும்? இரண்டு மணிநேர நாடகத்துக்கு இருப்பது வேறு. விடியும்வரை பன்பாய் விரித்து, பிள்ளையை மடியில் போட்டு, கச்சான் கொறித்து, நடுச்சாமத்தில் கொஞ்சம் சரிந்து, ராசா களரிக்குள் வரும் வரவாட்டத்துக்கு மத்தளம் மாறினதும் எழும்பி உட்காருவது வேறு.

பிறகு வருவன தண்ணீர், உப்பு, காற்று. ஐப்பசியிலிருந்து தைவரை எங்களுக்கு மாரி. வாவியோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. உப்புக்காற்று கம்பியைத் தின்னும். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் கூரையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதைக் கட்டடக்கலைஞரும் கேட்கவேண்டும்.

கடைசியாக, நிகழ்ச்சி இல்லாத நாட்கள். ஒரு பூங்காவில் அதுதான் வருடத்தின் பெரும்பகுதி. அப்போது அந்த இடம் பிள்ளைகள் ஓடித்திரியும் இடமா, பூட்டிய கேற்றா?

## சீமெந்து மேடை

எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு மீற்றர் உயரம், மூன்று பக்கச் சுவர், தகரம் அல்லது சீற்றுக் கூரை, பின்னால் ஒரு அறை. வரைபடம் சபையில் ஏற்கெனவே இருக்கும், மேசனுக்கும் வேலை பழக்கம், மழை வந்தாலும் ஒலிபெருக்கிப் பெட்டி நனையாது. பரிசளிப்பு விழா, பரதம், கூட்டம் ஆகியவற்றுக்கு இது நல்ல இடம்.

கூத்தை இதில் ஏற்ற முடியாது என்று நான் சொல்லமாட்டேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, செம்மைப்படுத்தி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அன்று மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் இந்தக் கலையின் பெரிய ஆய்வாளரானார். அந்த மேடையேற்றங்களால்தான் நாடு முழுக்கக் கூத்தைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அது ஒரு மாற்றம் என்று தெரிந்து, வேண்டிய திருத்தங்களைச் செய்து, பல மாதம் பழகி எடுத்த முடிவு. அண்ணாவியார் குழு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனது. ஆட்டம் ஒரு பக்கத்தைப் பார்க்கத் திரும்பியது. ஊரில் மேடையைக் கட்டிவிட்டு அதே விடியவிடியக் கூத்தை அதில் ஆடச் சொல்லும்போது அந்தத் திருத்த வேலையை யாரும் செய்வதில்லை. கூத்தர் வட்டத்தைப் பெட்டிக்குள் மடித்துக்கொண்டு தவிக்கிறார்.

மறைவான செலவுகள் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஊரில் நன்கொடையாக வந்த பளபளப்பான டைல்ஸை மேடைக்குப் பதித்தார்கள். பின்னிரவில் பனி இறங்கியதும் தருமராக ஆடிய தம்பி சுழலும்போது வழுக்கி விழுந்தான், மணிக்கட்டு முறிந்தது. அதே மேடையின் ஒப்பனை அறைக் கதவு இரண்டரை அடி. வடமோடி ராசாவின் கூடைபோல விரிந்த கரப்புடுப்பு அதற்குள்ளால் வராது. அன்று முழுக்க ராசாக்கள் வெளியே, சனத்துக்கு முன்னால், உடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள். வரைபடம் போட்டவர் ஒரு தரம் அந்த உடுப்பைப் பார்த்திருந்தால் கதவை ஐந்து அடி வைத்திருப்பார். ஒரு ரூபா கூடச் செலவாகியிராது.

இன்னொன்று: ஒரு மீற்றர் உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏற, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 12 மீற்றர் சாய்தளம் வேண்டும். யுத்தத்தில் காலை இழந்த கலைஞர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். சாய்தளத்தைப் பிறகு கட்டுவோம் என்று விட்ட மேடைகளில் அது வரவே இல்லை.

## படிவரிசை அரங்கு

கட்டடக்கலைஞர்களுக்கு மிகப் பிடித்தது இது. நியாயமும் இருக்கிறது. படி இருந்தால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. வெறுமையாகக் கிடக்கும்போதும் இளம் பெடியன், பெட்டையள் வந்து இருந்து கதைப்பார்கள். பூங்காவுக்கு ஒரு முகம் கிடைக்கும். பேராதனையில் சரச்சந்திரவின் பெயரைக்கொண்ட வெளியரங்கைப் பாருங்கள். மலைச்சரிவு தானே படியாக இறங்க, மரங்கள் சுற்றி நிற்க, இலங்கையின் அருமையான அரங்குகளில் ஒன்று அது.

ஆனால் அங்கே மலை இருக்கிறது. எங்களுக்குச் சமதரை. எட்டுப் படி, ஒவ்வொன்றும் 40 சென்ரிமீற்றர் என்றால் 3 மீற்றருக்கு மேல் உயரம். அதற்கு மண் எங்கிருந்தோ டிப்பரில் வரவேண்டும். அந்த மண்ணை நிற்கும் மரத்தின் அடியில் குவித்தால் வேர் மூச்சுமுட்டி மரம் பட்டுப்போகும். கீழே தோண்டலாமா? வாவியோரத்தில் தோண்டினால் முதல் மாரியிலேயே குளம். இலண்டன் கென்சிங்ரன் பூங்காவில் 2012இல் சேர்பன்ரைன் கலைக்கூடத்துக்காக ஓவியரும் சிற்பியுமான ஐ வெய்வெய்யும் ஹெர்சோக்–டி மியூரோன் என்ற கட்டடக்கலைஞர்களும் ஒரு பந்தல் செய்தார்கள். நிலத்தடி நீரைத் தொடும் வரை, ஏறக்குறைய ஒன்றரை மீற்றர், வேண்டுமென்றே தோண்டினார்கள். உள்ளே இருக்கைகளுக்குத் தக்கைமரம். மேலே தண்ணீர் நிற்கும் வட்டக் கூரை. தண்ணீரை வடியவிட்டால் அதுவே ஆடும் தளமாகலாம் என்பது அவர்களின் எண்ணம். அழகான யோசனை. அது ஒரு கோடைக்கு மட்டும் நின்ற பந்தல். எங்களுக்கு முப்பது மாரி தாங்கவேண்டும்.

படிகளில் என்னை மிக உறுத்துவது வேறு விஷயம். படியில் பாய் விரிக்க முடியாது. பிள்ளையைப் படுக்கவைக்க முடியாது. அறுபது வயது அம்மா ஒருவர் முதுகு சாய்க்க இடமில்லாமல் எத்தனை மணிநேரம் இருப்பார்? அதோடு பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீட், பொழுதுபட்டாலும் சூடாகவே இருக்கும். இதைக் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று படிக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மீற்றர் அகலமாக, மேலே புல்லாக இருக்கட்டும். அப்போது அதைப் படி என்பதைவிடப் பாய் விரிக்கும் வரப்பு என்று சொல்லலாம்.

திசையையும் பாருங்கள். கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கம் வாவி மேற்கே கிடக்கிறது. வாவியைப் பின்னணியாக வைத்தால் படத்துக்கு அழகு. ஆனால் மாலை நாலு, ஐந்து மணிக்குத் தண்ணீரில் விழும் வெயில் சனத்தின் கண்ணுக்குள்தான் வரும். பாடசாலை நிகழ்ச்சிகள் நடப்பதும் அதே நேரம்தான்.

## வட்டக்களரி

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்லப்போகிறேன். மூன்று ஊர்க்காரரும் தங்கள் பட்டியலில் எழுதாமல் விட்டது இதைத்தான். “அது கோயில் வீதியில சும்மா போடுறதுதானே” என்றார்கள்.

சும்மா போடுவதில்லை. வட்டமாக மண்ணைச் சற்று உயர்த்தி, சமப்படுத்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்துக்கு இடம் பார்த்துச் செய்வது களரி. அதில் பல தலைமுறையின் கணக்கு இருக்கிறது. நல்ல களரித் தரைக்குப் புற்றுமண்ணும் மணலும் கலந்து, தண்ணீர் தெளித்து, இடித்து, சாணம் மெழுகுவார்கள். அதில் மிதித்தால் குதிகால் ஒரு நூல் இறங்கித் திரும்பும். அந்த ஒரு நூல்தான் விடிய ஆறு மணிக்கும் முழங்காலைக் காப்பாற்றுகிறது. சலங்கை ஓசையும் வேறு. சீமெந்தில் சலங்கை கிலுங்கும்போது ஒரு எதிரொலி கூடவே வந்து தாளத்தை மங்கவைக்கும். மண்ணில் ஒவ்வொரு மணியும் தனியாக விழும். சல்லரிக்காரனுக்கு அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பூங்காவில் நிரந்தரக் களரி என்றால் நான் சொல்வது இது: 7 மீற்றர் வட்டம், நடுப்பகுதி விளிம்பைவிட ஏழு சென்ரிமீற்றர் உயர்ந்து நாலாபக்கமும் தண்ணீர் வடிய வேண்டும், விளிம்புக்குச் செங்கல் வளையம், அதைச் சுற்றி மழைத்தண்ணீர் போக ஆழமில்லாத வாய்க்கால், அதற்கு அப்பால் புல்தரை, புல்தரையின் எல்லையில் நிழல் மரங்கள். வாவியோரம் என்றால் பூவரசு நன்றாக நிற்கும். நிரந்தரக் கூரை தேவையில்லை. எங்கள் கூத்துக் காலம் நெல் வெட்டு முடிந்து, பழகி, வைகாசிக்குப் பிறகு வருவது. அந்த மாதங்களில் மழை குறைவு. வெள்ளை கட்ட வட்டத்துக்கு வெளியே தூண்கள் போதும்.

இதன் மறைவான செலவு பணத்தில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. ஒவ்வொரு தையிலும் மாரி கரைத்த மண்ணைத் திரும்பப் போட்டு இடிக்க வேண்டும். இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டால் புல் மூடிவிடும். அடுத்த தலைவர் “வெறுங்காணிதானே” என்று வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிடுவார். ஊர் கையேற்காத களரி நிலைக்காது. இசைக்குழுவுக்கும் இது பொருந்தாது. ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதிச் சனத்துக்கு முதுகு.

பூங்காவில் களரி வருவதால் இன்னொரு நன்மை உண்டு. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். கோயில் வீதியில் யார் எங்கே நிற்பது, யார் உள்ளே வருவது என்பதற்குப் பழைய கணக்குகள் இருக்கின்றன. பொதுப் பூங்காவில் அந்தக் கணக்கு செல்லாது. பறைமேளக் கூத்து வட்டத்தின் நடுவுக்கு வரலாம். அடுத்த கிழமை அதே மண்ணில் பொல்லடி நடக்கலாம். பெண்கள் களரியேறலாம். கல்முனைப் பக்கத்து நண்பர்களிடம் நான் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்: இரண்டு சமூகமும் நடந்துவரும் இடத்தில் உங்கள் பூங்கா இருக்கிறது, எந்த மதத்தின் சின்னமும் இல்லாத ஒரு வட்டம் அங்கே எவ்வளவு பெரிய காரியம்!

## கழற்றி மாட்டும் அரங்கு

பைப், பலகை, துணி. தேவைக்குக் கட்டி, முடிந்ததும் கழற்றுவது. காணி உறுதி இல்லாத இடத்துக்கும், ஒரு வருடத்தில் நான்கு நிகழ்ச்சிக்கு மேல் இல்லாத ஊருக்கும் இதுவே சரி. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவத்தில் பாண்டவர் வனவாசம் போகும்போது ஊரே அரங்காகிறது. அங்கே எதைக் கட்டி நிறுத்துவது? வாடகைக்கு எடுத்தால் ஒவ்வொரு தரமும் காசு. சொந்தமாக வாங்கினால் பூட்டிவைக்க அறை, துரு, காணாமல்போகும் ஆணிகள். மூங்கில் என்றால் கறையான். இரண்டு வருடம் இப்படிப் பரீட்சித்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாகக் கட்டுவதையும் யோசியுங்கள்.

## ஒரே பார்வையில்

| | சீமெந்து மேடை | படிவரிசை | வட்டக்களரி | கழற்றும் அரங்கு |
|---|---|---|---|---|
| மிகப் பொருந்துவது | பரதம், கூட்டம், இசைக்குழு | நாடகம், பாடசாலை நிகழ்ச்சி | கூத்து, வசந்தன், பொல்லடி, பறை | அலைந்து நடக்கும் நிகழ்வுகள் |
| 600 பேரில் கடைசி ஆள் | சுமார் 30 மீற்றர் | சுமார் 17 மீற்றர் | சுமார் 11 மீற்றர் | அமைப்பைப் பொறுத்தது |
| ஆடுபவர் கால் | கடினம் | தரையைப் பொறுத்தது | மிக நல்லது | பலகை, பரவாயில்லை |
| விடியவிடிய இருக்க | பாய் விரிக்கலாம், தூரம் | கடினம் | மிக நல்லது | பாய் விரிக்கலாம் |
| மாரியில் | பாவிக்கலாம் | வடிகால் பிழைத்தால் குளம் | பாவிக்க முடியாது | கட்ட முடியாது |
| மறைவான செலவு | சாய்தளம், துரு, மின்சாரம் | மண், மரம், சூடு | வருடாந்த ஆட்பலம் | வாடகை, களஞ்சியம் |

வாவியோரம், கடலோரம் என்றால் எதைக் கட்டவும் முன் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேளுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கடலிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம். முகத்துவாரத்தை அண்டிய வாவிப் பகுதிக்கும் அது நீளும். அனுமதி தாமதமாகும் மாதங்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஓவியரை எப்போது கூப்பிடுவது

எதைக் கட்டுவது என்பதற்குச் சமமான முடிவு, யார் சேர்ந்து வரைவது என்பது. வழக்கமாக நடப்பது இதுதான்: கட்டடம் முடிந்து திறப்புவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஓவியரைக் கூப்பிட்டு, “பின்சுவரில் மீன்மகளும் யாழும் கீறுங்கோ” என்பார்கள். ஏற்கெனவே நிற்கும் மேடைக்கு இது நல்ல வழிதான், மலிவும்கூட. ஆனால் உப்புப் பூத்த சுவரில் இரண்டு மாரிக்குப் பிறகு மீன்மகள் செதில் செதிலாக உரிந்துவருவாள்.

நேரெதிரானதும் உண்டு. ஓவியர் ஒரு பெரிய வடிவத்தைக் கொடுப்பார், சிப்பி போலவோ மீன் போலவோ. பொறியியலாளர் அதை எப்படியாவது நிறுத்துவார். ஊருக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்றால் இது பலன் தரும். உள்வளைந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவித்து மற்ற இடங்களை மந்தமாக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, முதல் நாளிலேயே சேர்ந்திருப்பது. 2007இல் அதே கென்சிங்ரன் பூங்காவில் ஓவியர் ஓலாஃபுர் எலியாசனும் கட்டடக்கலைஞர் ஷெட்டில் தோர்சனும் செய்த பந்தலில், சுற்றி ஏறும் சுருள்பாதையே கட்டடத்தின் உருவம். எது ஓவியர் வேலை, எது கட்டடக்கலைஞர் வேலை என்று பிரிக்க முடியாது. எங்கள் நாட்டிலும் காலியில் ஜெப்ரி பாவா கட்டிய விடுதியில் லக்கி சேனாநாயக்கவின் போர்வீரர்கள் படிக்கட்டின் கைப்பிடியாகவே மேலேறிப் போகிறார்கள். அந்தச் சிற்பத்தைக் கழற்றினால் படிக்கட்டும் இல்லை.

எங்கள் விஷயத்தில் இரண்டு பேர் போதாது. மூன்றாவது ஆள் அண்ணாவியார்.

வாவியோரத்தில் நான் கூட நின்ற ஒரு நாளைச் சொல்கிறேன். கட்டடக்கலைஞர் ஓர் இளம் பெண். வரைபடத்தில் வட்டத்தின் விளிம்பிலேயே நான்கு தூண், மேலே துணி. ஓவியர் பக்கத்தில். அண்ணாவியார் வரைபடத்தைப் பார்க்கவில்லை. முளை ஒன்றை அடித்து, கயிற்றைக் கட்டி, “புள்ள, மற்றத் தலைப்பப் புடிச்சுக்கொண்டு சுத்தி வா” என்றார். அவள் மணலில் வட்டம் கீறி முடித்ததும், தூண் வரும் நான்கு இடத்திலும் நான்கு பெடியனை நிற்கவிட்டார். பிறகு எழுபது வயதில், கூத்துடுப்புக் கட்டாமல், ராசா வரவை ஆடிக் காட்டினார். இரண்டாவது சுற்றில் அவர் விரித்த கை ஒரு பெடியனின் நெஞ்சில் போய் இடித்தது. “இந்தக் கம்பு இதில நிண்டா ராசா எங்கால வாற?” அவள் அங்கேயே பென்சிலால் நான்கு தூணையும் அடித்து, வட்டத்துக்கு வெளியே இரண்டரை மீற்றர் தள்ளிப் போட்டாள்.

அன்று பின்னேரம் இருட்டும்வரை இருந்தோம். ஓவியர் ராசா வேடத்துக்கான ஒரு முடியை, அதாவது கிரீடத்தை, கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடித் துண்டு பதித்த பழைய முடி. மேலேயிருந்து டோர்ச் அடித்தால் கண்ணாடி செத்துக்கிடந்தது. நெஞ்சுயரத்தில் பக்கவாட்டாக அடித்ததும் அத்தனை துண்டும் உயிர்பெற்று எங்கள் முகத்தில் ஒளி தெறித்தது. தீப்பந்தம் ஏன் அந்த உயரத்தில் நின்றது என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. சுவரோவியம் கீற வந்தவர் அதைக் கைவிட்டார். செங்கல் வளையத்துக்கு வெளியே எட்டு விளக்குத்தூண்களைத்தான் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் நாலடி உயரம், மேலே பந்தமோ மின்குமிழோ வைக்கத்தக்க கிண்ணம். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் பிள்ளைகள் அவற்றைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள்.

இந்த வழியின் செலவு நேரம். வரைபடம் மூன்று தரம் மாறும். இன்னொன்று, மதிப்பீட்டில் அண்ணாவியாருக்கும் ஓவியருக்கும் கட்டணம் எழுதப்பட வேண்டும். கட்டடக்கலைஞருக்குச் சதவீதம், மேசனுக்கு நாட்கூலி, அண்ணாவியாருக்கு ஒரு தேத்தண்ணியும் பொன்னாடையும் என்று நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது அவமரியாதை.

## மூன்று ஊருக்கும் நான் சொன்னது

படுவான்கரைக்குக் களரி. அங்கே கூத்துப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மண் போட ஆளும் இருக்கிறது. வாவியோரப் பூங்காவுக்குக் களரியும், அதன் ஒரு பக்கம் மட்டும் அகலமான மூன்று புல்வரப்பும். பாடசாலை நாடகத்துக்கு அந்தப் பக்கத்தை முன்பக்கமாக வைத்துக்கொள்ளலாம். கல்முனைப் பக்கத்தில் காணி வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவரை கழற்றும் அரங்கு, ஆனால் வட்டமாக. சீமெந்து மேடை ஏற்கெனவே உள்ள ஊர்கள் அதை இடிக்கவேண்டாம். முன்னால் உள்ள முற்றத்தில் ஒரு வட்டம் போட்டு, மேடையை ஒப்பனைக்கும் பொருள் வைக்கவும் பாவியுங்கள்.

முடிவெடுக்க முன் ஒரு இரவைச் செலவழியுங்கள். பங்குனியில், வெட்டு முடிந்த பிறகு, நிலவுநாள் ஒன்றில். ஒரு முளை, மூன்றரை மீற்றர் கயிறு, சுண்ணாம்பு. வட்டம் போட்டு, 11 மீற்றரில் ஒரு பாய், 17இல் ஒன்று, 30இல் ஒன்று விரியுங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு வரவு ஆடச் சொல்லுங்கள். கட்டடக்கலைஞர் முதலில் 30இல் இருக்கட்டும், பிறகு 11க்கு வரட்டும். ஓவியர் விளக்கைப் பிடிக்கட்டும். தலைவர் கடைசிப் பாயில் தன் தாயைக் கூட்டிவந்து இருத்தட்டும்.